கைதிகளுக்காக ஊர் கட்டிய மியூசியம்

1914 செப்டம்பர் 22ஆம் தேதி ராத்திரி சென்னையில் குண்டு போட்டுவிட்டுப் போன எம்டன் கப்பலைப் பற்றி நம் ஊரில் கேள்விப்படாதவர்கள் குறைவு. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் விடிய விடிய எரிந்த கதையை எத்தனையோ பேர் எழுதியாயிற்று. ஆனால் அந்தக் கப்பல் எங்கிருந்து கிளம்பி வந்தது என்று கேட்டுப் பாருங்கள். 'ஜெர்மனியிலிருந்து' என்றுதான் பெரும்பாலும் பதில் வரும்.

அது கிளம்பியது சீனாவிலிருந்து. சீனாவின் கிழக்குக் கரையில் உள்ள சிங்தாவ் துறைமுகத்தை 1898இல் 99 வருடக் குத்தகைக்கு எழுதி வாங்கி, அங்கே ஒரு குட்டி ஜெர்மனியையே கட்டி வைத்திருந்தார்கள் ஜெர்மானியர்கள். தேவாலயம், ஓடு வேய்ந்த வீடுகள், பியர் ஆலை எல்லாம் உண்டு. சீன உணவகங்களில் இன்றைக்கும் வைக்கிறார்களே சிங்தாவ் பியர், அதன் பூர்வீகம் அதுதான். அவர்களுடைய கிழக்காசியக் கடற்படைக்கும் அதுதான் தலைமையிடம். 1914 ஆகஸ்ட் தொடக்கத்தில் எம்டன் அங்கிருந்து கடைசியாக நங்கூரத்தைத் தூக்கியது. திரும்பிப் போகவே இல்லை.

கப்பல் போன பிறகு அந்தத் துறைமுகத்துக்கு என்ன ஆயிற்று என்று நானும் வெகுகாலம் யோசித்ததில்லை. ஜப்பானுக்கு வேலைக்கு வந்து, ஒரு விடுமுறை நாளில் ஷிகோகு தீவுப் பக்கம் சுற்றப் போனபோதுதான் அந்தக் கதையின் மிச்சம் கிடைத்தது. நருட்டோ என்ற சின்ன ஊரில், நெல்வயலும் கிழங்குத் தோட்டமும் சூழ, 'ஜெர்மன் வீடு' என்று ஒரு மியூசியம் இருக்கிறது. (நருட்டோ என்றதும் வீட்டுப் பிள்ளைகள் ஓடி வந்து எட்டிப் பார்ப்பார்கள். அந்தக் கார்ட்டூன் பையன் இல்லை, இது ஊர்.)

முதலில் சிங்தாவை முடித்துவிடுவோம். ஜப்பான் அப்போது பிரிட்டனின் கூட்டாளி. 1914 ஆகஸ்ட் 23ஆம் தேதி ஜெர்மனி மீது போர் அறிவித்துவிட்டு சிங்தாவை முற்றுகையிட்டது. பிரிட்டன் தன் பங்குக்கு வேல்ஸ்காரர்கள் ஒரு பட்டாலியனையும், 36ஆம் சீக்கியப் படையில் பாதியையும் அனுப்பி வைத்தது. நவம்பர் 7ஆம் தேதி ஜெர்மானியர்கள் வெள்ளைக்கொடி காட்டினார்கள். இரண்டு நாள் கழித்து, நவம்பர் 9ஆம் தேதி, கோக்கோஸ் தீவுகளுக்குப் பக்கத்தில் எம்டனும் அடி வாங்கிப் பாறையில் ஏறியது. தாய்வீடும் பறிபோய், வெளியே போன பிள்ளையும் போன வாரம் அது.

பிடிபட்டவர்கள் சுமார் 4,700 பேர். பெரும்பாலும் ஜெர்மானியர்கள், கொஞ்சம் ஆஸ்திரிய ஹங்கேரிக்காரர்கள். எல்லோரையும் கப்பலில் ஏற்றி ஜப்பானுக்குக் கொண்டுவந்தார்கள். ஐரோப்பியப் போர் கிறிஸ்துமஸுக்குள் முடிந்துவிடும் என்று உலகமே நம்பிக்கொண்டிருந்த நேரம். அதனால் பெரிய ஏற்பாடு எதுவும் இல்லை. புத்தர் கோயில்களிலும் பொது மண்டபங்களிலும் அடைத்து வைத்தார்கள். போர் இழுத்துக்கொண்டே போனது. கோயில்களில் நெருக்கடி, எரிச்சல், சண்டை. கடைசியில் முகாம்களைக் குறைத்து, ஒழுங்காகக் கொட்டகைகள் கட்டி ஆறு இடங்களில் சேர்த்தார்கள். அதில் ஒன்றுதான் பாண்டோ. இன்று நருட்டோ நகராட்சிக்குள் அடங்கிய ஒரு கிராமப்புறம். ஷிகோகு தீவில் டோக்குஷிமா, மருகாமே, மட்சுயாமா ஆகிய மூன்று ஊர்களில் இருந்தவர்களை 1917 ஏப்ரலில் இங்கே கொண்டுவந்தார்கள். பின்னால் குருமே முகாமிலிருந்தும் கொஞ்சம் பேர் வந்து சேர, எல்லாமாகச் சுமார் ஆயிரம் பேர்.

கோபேயிலிருந்து பஸ் ஏறினால் அகாஷி பாலத்தைத் தாண்டி, அவாஜி தீவைக் கடந்து, நருட்டோ நீரிணைக்கு மேலாக வந்து இறங்கிவிடலாம். கீழே கடல் சுழித்துக்கொண்டு கிடக்கும். சுற்றுலாக்காரர்கள் எல்லோரும் அந்தச் சுழலைப் பார்க்கத்தான் வருகிறார்கள். மியூசியத்துக்கு வருபவர்கள் அதில் ஒரு பங்குதான். ரயிலில் வந்தால் பாண்டோ என்றே ஒரு சின்ன ஸ்டேஷன் இருக்கிறது, அங்கிருந்து நடந்துவிடலாம். போகிற வழியிலேயே ரியோசென்ஜி கோயில். ஷிகோகுவில் 88 கோயில்களைச் சுற்றி வரும் பாதயாத்திரை ஒன்று உண்டு, அதன் முதல் கோயில் இது. வெள்ளை உடையும் கூம்புத் தொப்பியும் கையில் கோலுமாக யாத்திரைக்காரர்கள் நிற்பார்கள். அவர்களைக் கடந்து போனால், வயல்களுக்கு நடுவே திடீரென்று ஒரு ஐரோப்பிய நகர மண்டபம். ஜெர்மனியின் லூனபர்க் ஊர் மண்டபத்தைப் பார்த்துக் கட்டியது. நருட்டோவும் லூனபர்க்கும் 1974 முதல் சகோதர நகரங்கள். முதல் ஜெர்மன் வீடு 1972இல் திறந்தது. இப்போதுள்ள பெரிய கட்டடம் 1993இல் வந்தது. வெளியே ஒரு பீத்தோவன் சிலை, தலைமுடி பறக்க, முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்கிறது. அவருக்கு இங்கே என்ன வேலை என்று பிறகு சொல்கிறேன்.

உள்ளே போனதும் நான் எதிர்பார்த்தது வேறு. போர்க் கைதி முகாம் மியூசியம் என்றால் முள்கம்பி, இருட்டறை, எலும்பும் தோலுமான புகைப்படங்கள் இருக்கும் என்று மனது தயாராகிவிடும். இங்கே இருப்பது கச்சேரி அழைப்பிதழ், நாடக நோட்டீஸ், பேக்கரி விளம்பரம். எல்லாம் கைதிகளே வரைந்து, கைதிகளே அச்சடித்தவை. அவ்வளவு அழகான வண்ணங்கள். முகாமுக்குள் ஓர் அச்சகம் இருந்தது. அங்கிருந்து 'டி பராக்கே' என்று ஒரு வாரப் பத்திரிகை வந்தது. கொட்டகை என்றுதான் அந்தப் பெயருக்கு அர்த்தம். ரோனியோ மாதிரியான மெழுகுத்தாள் அச்சு, அதிலேயே பல வண்ணங்களைக் கொண்டுவந்திருக்கிறார்கள். சீன வரலாறு, போர்ச் செய்தி, ஜப்பானியத் திருவிழாக் குறிப்பு, முகாம் கிசுகிசு என்று எல்லாம் உண்டு. முகாமுக்குள் செல்லும் பணம் அச்சடித்தார்கள். முகாம் தபாலுக்குத் தனி ஸ்டாம்ப் போட்டார்கள். உலகத்து ஸ்டாம்ப் சேகரிப்பாளர்கள் அதற்கு இன்றைக்கும் அலைகிறார்கள்.

கடைத்தெருவே இருந்தது என்றால் நம்புவீர்களா? சிங்தாவில் தபாவ்தாவ் என்று சீன வணிகர்கள் இருந்த பேட்டை ஒன்று உண்டு. அந்தப் பெயரையே முகாமின் கடை வரிசைக்கும் வைத்தார்கள். தையல்காரர், செருப்புத் தைப்பவர், முடி திருத்துபவர், படம் பிடிப்பவர், தச்சர். ரொட்டி சுடும் இடம் தனி. பந்துருட்டி விளையாடக் கூடம் தனி. பக்கத்துக் கிராமத்து ஆட்களுக்குப் பால்மாடு வளர்க்கவும், பன்றி இறைச்சியைப் பதப்படுத்தவும், வெண்ணெய் எடுக்கவும் சொல்லிக்கொடுத்தார்கள்.

சிப்பாய்களுக்கு இத்தனை தொழில் எப்படித் தெரியும்? இந்தக் கேள்விக்கான பதில்தான் எனக்கு மியூசியத்தில் பிடித்த விஷயம். இவர்களில் பலர் முழுநேரச் சிப்பாய்களே இல்லை. போர் வந்ததும் சீனாவிலும் ஜப்பானிலும் தொழில் செய்துகொண்டிருந்த ஜெர்மானியர்களை ரிசர்வ் படையாகக் கூப்பிட்டுத் துப்பாக்கியைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். வியாபாரி, குமாஸ்தா, இன்ஜினியர், ஆசிரியர், கசாப்புக்காரர் எல்லோரும் அதில் அடக்கம். குர்ட் மைஸ்னர் போருக்கு முன்னாலேயே டோக்கியோவில் வியாபாரம் பார்த்தவர். ஜப்பானிய மொழி தண்ணீர்பட்ட பாடு. முகாமுக்கு அவர்தான் மொழிபெயர்ப்பாளர். ஹெர்மான் போனர் சிங்தாவில் ஆசிரியராக இருந்தவர். விடுதலைக்குப் பிறகு ஒசாகாவில் பல்லாண்டு ஜெர்மன் கற்பித்து, ஜப்பானியச் செவ்வியல் நூல்களை ஜெர்மன் மொழிக்குக் கொண்டுபோய், ஜப்பானிலேயே இறந்தார்.

இன்னொன்றும் உண்டு. காசு. 1907 ஹேக் ஒப்பந்தப்படி, பிடித்து வைத்திருக்கும் நாடு தன் அதிகாரிகளுக்குக் கொடுக்கும் சம்பளத்தையே கைதியான அதிகாரிகளுக்கும் கொடுக்க வேண்டும். கூடவே கிழக்காசியாவில் இருந்த ஜெர்மன் வியாபாரிகளும் குடும்பங்களும் பணம் அனுப்பினார்கள். ஆகவே முகாமுக்குள் புழங்கப் பணம் இருந்தது, செலவழிக்க நேரம் இருந்தது, கைத்தொழிலும் இருந்தது. ஒரு ஊர் உருவாக வேறென்ன வேண்டும்?

1918 மார்ச்சில் ரியோசென்ஜி கோயில் வளாகத்தில் கைதிகள் ஒரு கண்காட்சி வைத்தார்கள். ஓவியம், மரவேலை, இசைக்கருவி, கப்பல் பொம்மை, தின்பண்டம். பன்னிரண்டு நாளில் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் வந்து பார்த்திருக்கிறார்கள். நூறு வருடத்துக்கு முந்தைய ஜப்பானியக் கிராமப்புறத்தில் ஐம்பதாயிரம் பேர்! பாதயாத்திரை வந்தவர்கள், பள்ளிப் பிள்ளைகள், விவசாயிகள் எல்லோரும் எதிரி நாட்டுக் கைதி செய்த பொருளைப் பார்க்க வரிசையில் நின்றிருக்கிறார்கள்.

இப்போது பீத்தோவனுக்கு வருவோம். 1918 ஜூன் 1ஆம் தேதி, இந்த முகாமுக்குள்தான், பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனி ஆசியாவிலேயே முதல்முறையாக முழுதாக வாசிக்கப்பட்டது. நடத்தியவர் ஹெர்மான் ஹான்சன் என்ற கடற்படை பாண்ட் மாஸ்டர். டோக்குஷிமா முகாமில் இருந்தபோதே குழுவை ஆரம்பித்துவிட்டதால் அதற்கு டோக்குஷிமா ஆர்க்கெஸ்ட்ரா என்று பெயர். ஒன்பதாவது சிம்பொனியின் கடைசிப் பகுதியில் நான்கு தனிக்குரல்களும் பெரிய கோரஸும் வரும். பாதிக்குப் பாதி பெண் குரல். ஆண்கள் மட்டுமே இருக்கும் முகாமில் என்ன செய்வது? பெண் குரலுக்கான பகுதிகளை ஆண்கள் பாடும்படி மாற்றி எழுதினார்கள். எண்பது ஆண்கள் சேர்ந்து கோரஸ் பாடினார்கள். இல்லாத வாத்தியத்துக்குப் பதிலாக ஆர்மோனியம் போன்ற ஆர்கனை வைத்து ஒப்பேற்றினார்கள்.

அன்று கேட்டவர்கள் சக கைதிகள்தான். மனிதர்கள் அனைவரும் உடன்பிறப்புகள் என்று முடியும் பாட்டைக் கிராமத்து ஜப்பானியர்களும் கைதிகளும் தோளோடு தோள் உரசி நின்று கேட்டதாக ஒரு காட்சி பலரின் மனதில் பதிந்திருக்கிறது. அது சினிமாக் காட்சி. 2006இல் இந்த முகாமை வைத்து ஜப்பானில் ஒரு படமே எடுத்தார்கள். உண்மையில் வேலிக்கு இந்தப் பக்கம் இருந்தவர்களுக்காக அவர்களே வாசித்துக்கொண்டது அது. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. யாரையும் நெகிழவைக்க அவர்கள் வாசிக்கவில்லை. ஊர் திரும்ப முடியாத ஆயிரம் பேர், அந்த நேரம் தங்கள் ஊரில் பெண்டாட்டி பிள்ளை பட்டினி கிடக்கிறார்களா என்றுகூடத் தெரியாமல், மாதக்கணக்கில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்திருக்கிறார்கள். மியூசியத்தில் இதற்கென்றே ஒரு சிறு அரங்கு. ஆளுயரப் பொம்மைகள் வயலினை இழுத்து, வாயைத் திறந்து பாடுகின்றன. பொம்மைகள் கொஞ்சம் பயமுறுத்துகிற ரகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சின்னப் பிள்ளைகளை முன்வரிசையில் உட்காரவைக்காதீர்கள்.

ஜப்பானில் டிசம்பர் வந்தால் ஊருக்கு ஊர் ஒன்பதாவது சிம்பொனி நடக்கும். நம் மார்கழிக் கச்சேரி மாதிரி அது அவர்களுக்கு ஆண்டுக்கடைசிச் சடங்கு. ஒசாகாவில் பத்தாயிரம் பேர் சேர்ந்து பாடுகிறார்கள். அந்த வழக்கம் பாண்டோவிலிருந்து நேராக வந்ததல்ல. அதற்கு டோக்கியோ இசைப்பள்ளி, வானொலி ஆர்க்கெஸ்ட்ரா என்று வேறு வம்சாவளி இருக்கிறது. ஆனால் நருட்டோக்காரர்கள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். 1982இல் தொடங்கி, வழக்கமாக ஜூன் மாதம் முதல் ஞாயிறன்று இங்கே ஒன்பதாவதைப் பாடுகிறார்கள். பக்கத்து நெடுஞ்சாலை ஓய்விடத்துக்குக்கூட 'ஒன்பதாவதின் ஊர்' என்றுதான் பெயர். அங்கே ஊறுகாயும் கிழங்கு வறுவலும் விற்கும் கட்டடம் பழைய முகாமின் கொட்டகை ஒன்றைப் பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தியது. முகாம் மூடியபின் சில கொட்டகைகளின் மரச்சட்டங்களை அக்கம்பக்கத்து விவசாயிகள் வாங்கிப்போய் மாட்டுக்கொட்டகையும் களஞ்சியமும் கட்டிக்கொண்டார்கள். பல பத்தாண்டு கழித்துத்தான் அவை என்னவென்று கண்டுபிடித்தார்கள்.

இத்தனைக்கும் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். முகாம் தலைவர் மட்சுஎ தொயோஹிசா. அவர் கதை தெரியாமல் பாண்டோ புரியாது. 1868இல் ஜப்பானில் உள்நாட்டுப் போர் நடந்தது. பேரரசர் பக்கம் ஒரு அணி, ஷோகன் பக்கம் ஒரு அணி. ஐசு என்ற நாட்டு சாமுராய்கள் ஷோகன் பக்கம் நின்று தோற்றார்கள். வென்றவர்கள் அவர்களை 'அரச துரோகிகள்' என்று முத்திரை குத்தி, வடகோடியில் பனி கொட்டும் பாழ்நிலத்துக்கு அனுப்பினார்கள். பசியிலும் குளிரிலும் பலர் செத்தார்கள். அந்த ஐசு குடும்பம் ஒன்றில் 1872இல் பிறந்தவர் மட்சுஎ. தோற்றவனுடைய வீட்டில் வளர்ந்த பிள்ளை, வென்றவனுடைய ராணுவத்தில் அதிகாரி ஆகி, இன்னொரு தோற்ற கூட்டத்துக்குக் காவலாக வந்தார். அவர்கள் குற்றவாளிகள் இல்லை, தங்கள் நாட்டுக்காகச் சண்டை போட்டவர்கள் என்பது அவர் நிலைப்பாடு. கைதிகளைக் கெஞ்ச வைக்கவில்லை. வேலைக்கும் விளையாட்டுக்கும் வேலியைத் தாண்டிப் போக விட்டார். பின்னாளில் சொந்த ஊரான வாகாமட்சுவுக்கே மேயராகவும் இருந்தார்.

மட்சுஎ நல்லவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஜப்பானியர்கள் கைதிகளை இப்படித்தான் நடத்தினார்கள் என்று யாராவது பொத்தாம்பொதுவாகச் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதே காலத்தில், அதே சிங்தாவ் கைதிகள் இருந்த குருமே முகாமின் தலைவர் மசாக்கி ஜின்சபுரோ. பேரரசர் முடிசூடிய விழாவுக்காகக் கொடுத்த அன்பளிப்பை, எதிரி நாட்டு விழாவென்று வாங்க மறுத்த இரண்டு ஜெர்மன் அதிகாரிகளை அவர் கன்னத்தில் அறைந்தார். ஒரே ராணுவம், ஒரே சட்டம். ஆள்தான் வேறு.

ஆளையும் மீறிய காரணம் ஒன்று இருந்தது. ஜப்பான் அப்போது ஐரோப்பிய வல்லரசுகள் உட்கார்ந்திருக்கும் பந்தியில் இலை போடச் சொல்லிக் காத்துக்கொண்டிருந்த நாடு. 'நாங்களும் நாகரிகமானவர்கள்' என்று காட்ட வேண்டிய அவசியம் அதற்கு இருந்தது. 1904-05 ரஷ்யப் போரிலேயே ரஷ்யக் கைதிகளை மட்சுயாமாவில் நல்லபடி வைத்திருந்து பெயர் வாங்கியிருந்தது. நல்ல பெயர் தேவைப்பட்டவரை நல்ல நடத்தை இருந்தது. பிறகு தேவைப்படவில்லை. 1929 ஜெனீவா ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட ஜப்பான், அதை ஏற்று உறுதிசெய்யாமல் விட்டது. 1941இல் தன் சிப்பாய்களுக்குக் கொடுத்த நடத்தை விதியில், உயிரோடு பிடிபடுவதே அவமானம் என்று எழுதி வைத்தது. தன் ஆளே பிடிபட்டால் கேவலம் என்று நினைக்கும் ராணுவம், பிடிபட்ட எதிரியை எப்படி மதிக்கும்? இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் கையில் சிக்கிய மேற்கத்தியக் கைதிகளில் நூற்றுக்கு 27 பேர் இறந்தார்கள் என்பது டோக்கியோ போர்க்குற்ற விசாரணையில் வைக்கப்பட்ட கணக்கு. பாண்டோ மூடி 22 வருடத்தில் சிங்கப்பூர் விழுந்தது. ஒரு தலைமுறைகூட முழுதாக ஆகவில்லை.

மியூசியத்தின் வேலை 1917 முதல் 1920 வரை நடந்ததைச் சொல்வது. அதைத் தாண்டி அதனிடம் கேட்பது நியாயமில்லை என்று தெரியும். ஆனாலும் வெளியே வந்தபோது எனக்குள் ஒரு நெருடல்.

முகாம் இருந்த இடம் இப்போது ஜெர்மன் கிராமப் பூங்கா. கொட்டகைகளின் செங்கல் அடித்தளம் புல்லுக்கு நடுவே தெரிகிறது. குளத்தோரம் ஒரு கல். இறந்துபோன தங்கள் தோழர்கள் 11 பேருக்காக 1919இல் கைதிகளே நட்டது. அதற்குப் பின் அதைக் கவனிப்பார் இல்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், சீனாவிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் வீடுவாசல் இழந்து திரும்பிய ஜப்பானியர்களை அரசு இங்கே எஞ்சியிருந்த கொட்டகைகளில்தான் குடிவைத்தது. 1948இல் அங்கே குடியிருந்த ஒரு பெண்மணி புதருக்குள் இந்தக் கல்லைக் கண்டார். அவர் கணவர் சோவியத் யூனியனில் போர்க் கைதியாக இருந்துவிட்டுத் திரும்பியவர். அந்நிய மண்ணில் சாவது என்றால் என்ன என்று அந்த வீட்டுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. களை பிடுங்கி, பூ வைத்து, வருடக்கணக்கில் கல்லைப் பார்த்துக்கொண்டார்கள். செய்தி ஜெர்மனிக்குப் போனது. தூதர் வந்தார். முன்னாள் கைதிகள் கடிதம் எழுதினார்கள், தாங்கள் வைத்திருந்த படங்களையும் பத்திரிகைகளையும் காசையும் அனுப்பினார்கள். அந்தப் பெட்டிகளிலிருந்துதான் இந்த மியூசியமே வந்தது. அரசாங்கமோ பல்கலைக்கழகமோ ஆரம்பித்தது இல்லை. ஒரு குடும்பம் களை பிடுங்கியதில் ஆரம்பித்தது. என்னைக் கேட்டால் நருட்டோவில் மட்சுஎவுக்கு இணையாகப் பேசப்பட வேண்டியவர் அந்தப் பெண்மணி.

நடந்தே ஓவாசஹிகோ ஆலயத்துக்கும் போய்விட்டு வாருங்கள். அதன் பின்பக்கத் தோப்பில் கைதிகள் கட்டிய கல் வளைவுப் பாலம் இருக்கிறது. 1919 வேலை. சின்னப் பாலம்தான், பத்துத் தப்படியில் தாண்டிவிடலாம். இப்போது அதன் மேல் நடக்க விடுவதில்லை. போர் 1918 நவம்பரிலேயே முடிந்துவிட்டதே, 1919இல் கைதிகள் ஏன் இன்னும் பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள் என்று உங்களுக்குத் தோன்றும். வெர்சாய் ஒப்பந்தம் முடிந்து கப்பல் ஏற்பாடாக அத்தனை நாள் ஆயிற்று. 1919 டிசம்பரிலிருந்துதான் அனுப்ப ஆரம்பித்தார்கள். 1920 ஏப்ரலில் முகாம் மூடப்பட்டது. எவ்வளவு நல்ல முகாமாக இருந்தாலும் ஐந்து வருடத்துக்கு மேல் சிறை என்பதை மறக்கக் கூடாது.

நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஜப்பானிலேயே தங்கிவிட்டார்கள். அதில் ஒரு ஆளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கார்ல் யூஹைம், சிங்தாவில் பேக்கரி வைத்திருந்தவர். அவர் இருந்தது பாண்டோவில் இல்லை, ஹிரோஷிமா பக்கம் நினோஷிமா தீவு முகாமில். 1919 மார்ச்சில் ஹிரோஷிமா வணிகக் கண்காட்சி மண்டபத்தில் கைதிகள் கண்காட்சி வைத்தபோது, அடுக்கடுக்காக மரத்தின் வளையம் போல இருக்கும் பவும்கூகன் கேக்கைச் சுட்டு விற்றார். இன்று ஜப்பானில் அந்தக் கேக் இல்லாத கடை இல்லை, அவர் பெயரில் கம்பெனியும் இருக்கிறது. அந்த மண்டபம் எது தெரியுமா? 1945 ஆகஸ்ட் 6க்குப் பிறகு எலும்புக்கூடாய் நிற்கிறதே, அணுகுண்டு நினைவு மண்டபம், அதுதான்.

படங்களை ஒசாகாவில் உள்ள ஓர் அக்காவுக்கு அனுப்பினேன். மலேசியாக்காரர், பேராக் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர். ராத்திரி போன் வந்தது.

"நல்லா இருக்கு தம்பி. எங்க தாத்தாவும் ஜப்பான்காரன்கிட்டதான் இருந்தாரு. அவருக்கு யாரும் பாட்டு கச்சேரி வைக்கல."

"சயாமா அக்கா?"

"ஆமா. தோட்டத்துலேருந்து லாரியில ஏத்திட்டுப் போனான். பாட்டி சாகுற வரைக்கும் தாலியக் கழட்டல. செத்தாரா இல்லையான்னு யாருமே சொல்லலையே."

எனக்கிருந்த நெருடல் என்ன என்று அப்போதுதான் பிடிபட்டது.

தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசாயத் வரை 415 கிலோமீட்டர். மலையும் காடும் காலராவும். 1942இல் ஆரம்பித்து 1943 அக்டோபரில் ஜப்பானியர்கள் அந்த ரயில் பாதையை இணைத்துவிட்டார்கள். சயாம் மரண ரயில் என்று மலேசியத் தமிழர்கள் சொல்வது இதைத்தான். அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு, அமெரிக்கக் கைதிகள் அங்கே வேலை செய்தார்கள். 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களுக்குப் பட்டியல் உண்டு, பெயர் உண்டு, படைப்பிரிவு எண் உண்டு. அந்தப் பாதையில் உள்ள காஞ்சனபுரி போர் மயானத்தில் சுமார் 7,000 கல்லறைகள், புல் வெட்டி, பூச்செடி வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வெண்கலத் தகடு. அந்தக் கைதிகளைவிடப் பல மடங்கு அதிகமாக அங்கே வேலை பார்த்தவர்கள் பர்மியர்கள், ஜாவாக்காரர்கள், மலாய்க்காரர்கள், மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள். இறந்தவர்களும் அவர்களில்தான் மிக அதிகம். அவர்கள் சிப்பாய்கள் இல்லை, கூலிகள். அதனால் போர்க் கைதிகளுக்கான எந்த ஒப்பந்தமும் அவர்களுக்குப் பொருந்தவில்லை. செஞ்சிலுவைச் சங்கப் பார்சல் இல்லை. அவர்களோடு பெரும்பாலும் டாக்டர் இல்லை. தலை எண்ணக்கூட அதிகாரி இல்லை. காஞ்சனபுரி ரயில் பாலத்துக்குப் பக்கத்தில் 1944இல் ஜப்பானிய ராணுவமே கட்டிய நினைவுத்தூண் ஒன்று இருக்கிறது. அதில் பல மொழிகளோடு தமிழிலும் எழுதி வைத்திருக்கிறார்கள். செத்தவர்கள் யார் என்று கட்டியவர்களுக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

பாண்டோ கைதிகளுக்கு மியூசியம் கிடைத்தது அவர்கள் நன்றாக நடத்தப்பட்டதால் மட்டும் இல்லை. அவர்களிடம் அச்சகம் இருந்தது. எழுதினார்கள், வரைந்தார்கள், படம் எடுத்தார்கள், எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு ஊருக்குக் கொண்டுபோய்ப் பத்திரப்படுத்தினார்கள். அரை நூற்றாண்டு கழித்து ஒரு ஊர் கேட்டபோது எடுத்துக் கொடுத்தார்கள். சயாம் போன தமிழர்களிடம் காகிதம் இல்லை, எழுதத் தெரிந்தவர்களும் குறைவு. திரும்பி வந்தவர்கள் வீட்டுத் திண்ணையில் சொன்னதுதான் மிச்சம். நல்ல வேளையாக மலேசியாவில் சிலர் அந்தப் பெரியவர்களைத் தேடிப் போய்ப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால் சொல்ல ஆளிருக்கும் காலம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. இப்போது இருப்பது பேரன் பேத்திகள் தலைமுறை.

ஜப்பான் வந்தால் நருட்டோவுக்குப் போங்கள். ஒரு நாள் ஒதுக்கினால் மியூசியம், கல், பாலம், கோயில் எல்லாம் நிதானமாகப் பார்க்கலாம். நுழைவுக் கட்டணம் பெரிதில்லை. ஆனால் அதை மட்டும் பார்த்துவிட்டு 'ஜப்பானியர்கள் எவ்வளவு பெருந்தன்மை' என்று எழுதாதீர்கள். முடிந்தால் காஞ்சனபுரியையும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

இதைப் படிப்பவர்களில் மலேசியா, சிங்கப்பூர்க்காரர்கள் இருப்பீர்கள். தஞ்சாவூர், புதுக்கோட்டை, சேலம் பக்கம் மலாயாவுக்குப் போய் வந்த குடும்பங்களும் இருக்கும். உங்கள் வீட்டில் சயாமுக்குப் போன யாரைப் பற்றியாவது பேச்சு வந்ததுண்டா? பெயர், தோட்டம், எந்த வருடம் போனார், யாரோடு போனார், திரும்பினாரா. இவ்வளவு தெரிந்தால் போதும், ஒரு தாளில் எழுதித் தேதி போட்டு வையுங்கள். பெரியவர்கள் யாராவது இருந்தால் இந்த வாரமே உட்கார்ந்து பேசி, போனில் குரலைப் பதிந்துகொள்ளுங்கள். தாத்தாவின் படம் ஏதாவது இருந்தால் பின்பக்கத்தில் பென்சிலால் பெயரை எழுதுங்கள். அந்த அக்கா தன் பாட்டி சொன்னதை எழுத ஆரம்பித்துவிட்டார். நீங்களும் ஆரம்பியுங்கள்.